ஆறு புட்டிகளும் மம்சாபுரத்து மூக்கும்

கொழும்பிலிருந்து புறப்படும்போது என் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஆறு சின்னப் புட்டிகள் இருந்தன. கிராம்பு எண்ணெய், கர்ப்பூரம், காப்பித்தூள், பெருங்காயம், எலுமிச்சைத் தோல், கடைசியாக நவச்சாரத்தில் சுண்ணாம்பு கலந்த நெடி. கரையிறங்கியதும் சாமான் சோதித்த சுங்கக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தார். ஆறாவதில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நீங்க சமையக்காரியா, மந்திரவாதியா?" என்றார். வைத்தியக் கல்லூரி மாணவி என்றேன். மந்திரவாதி என்று சொல்லியிருந்தால் சீக்கிரம் நம்பியிருப்பார்.

புட்டிகள் அத்தனையும் ஒரே ஒரு மூக்குக்காக. மூக்கின் சொந்தக்காரர் பெயர் குருசாமி, ஊர் மம்சாபுரம். பட்டாளத்தில் லாரி டிரைவர். உலகச் சண்டை முடியும் தறுவாயில் திருகோணமலைப் பாதையில் லாரிப் படியிலிருந்து மல்லாக்க விழுந்து பின்மண்டையில் அடிபட்டு, எங்கள் பேராசிரியர் பார்த்துவந்த வார்டில் மூன்று வாரம் கிடந்தார். காயம் ஆறியது. தலைச்சுற்றல் நின்றது. மணம் மட்டும் தெரியவில்லை. அவருடைய கேஸ் தாளை எழுதியவள் நான்.

அவர் ஊர் திரும்பி ஒரு வருஷம் ஆகிவிட்டது. லீவுக்கு ராஜபாளையத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றதும் பேராசிரியர், "பக்கத்து ஊர்தானே. அந்த மூக்கு என்ன ஆயிற்று என்று பார்த்து எழுதிக்கொண்டு வா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஒரு தாளில் அட்டவணை போட்டுவிட்டேன். முதல் கட்டத்தில் பொருள், இரண்டாவதில் நோயாளி சொன்னது, மூன்றாவதில் நான் கண்டது. கீழே இன்னும் நாலைந்து வரி காலியாகக் கிடந்தது, அழகுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராஜபாளையத்தில் இறங்கியதும் முதலில் வரவேற்றது காற்றுதான். ஆடி மாதம். மேற்கு மலையில் புறப்பட்டுக் கிழக்கே ஒரே ஓட்டமாக ஓடுகிற காற்று. கொழும்புக் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கும். இங்கே மண். சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ஏட்டி ரூத்து, வாயை மூடிக்கிட்டுப் பேசு, மண்ணு போயிரும்" என்றாள். எப்படிப் பேசுவது என்று கேட்க வாயைத் திறந்தேன், மண் போய்விட்டது.

அரிசி ரேஷனில் இருந்ததால் சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும். தேங்காய்ப்பால் இல்லாத குழம்பை நான் அதுவரை குழம்பென்றே ஒத்துக்கொண்டதில்லை. முதல் கவளத்தில் கண்ணில் நீர் வந்தது. "அங்க என்னத்தத்தான் திங்கிய?" என்று சின்னம்மா கேட்டாள். தேங்காய்ப்பால் சொதி என்றேன். "பேரே சொதசொதன்னு இருக்கே" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த அம்மா முந்தானையில் சப்பட்டை மாம்பழம் இரண்டைக் கொண்டுவந்து, "தீசுக்கோம்மா, தின்னு" என்று மடியில் போட்டார். கூடவே அவர்களுடைய வெள்ளை நாயும் வந்தது. நெட்டைக் கால், ரோஜா நிற மூக்கு. அது என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மோந்துவிட்டுப் பெரிதாக ஒரு தும்மல் போட்டது. ஆறு புட்டியும் அடைத்துத்தான் இருந்தன. அந்தத் தலைக்குள் மணத்துக்கென்று ஒதுக்கிய இடம் எவ்வளவு பெரிசு என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் பொறாமையாக இருந்தது.

மறுநாள் சித்தப்பா மில்லைக் காட்டக் கூட்டிப்போனார். அவர் அங்கே மேஸ்திரி. உள்ளே பஞ்சு பனிபோலப் பறக்கிறது, சத்தத்தில் காது அடைத்துப்போகிறது. நீளமான மிஷினில் மேலே உருளைகள், கீழே நூலைச் சுற்றிக்கொள்ளும் கதிர்கள், நடுவே நூற்றுக்கணக்கான நூல் பக்கத்தில் பக்கத்தில் இறங்குகிறது. ஒரு நூல் அறுந்தால் தொழிலாளி ஓடிவந்து விரல் நுனியால் ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டிவிடுகிறார். கண்ணிமைக்கிற நேரம்தான்.

எனக்கு அங்கேயே மூக்கு ஞாபகம் வந்துவிட்டது. சித்தப்பாவின் காதில் கத்திக் கத்தி விளக்கினேன். மூக்கின் உச்சியில் தபால் தலை அளவு ஒரு தோல் இருக்கிறது, மணம் அங்கேதான் படுகிறது. அந்தத் தோலிலிருந்து இந்த நூலைவிட மெல்லிய இழைகள் மேலே ஏறுகின்றன. மேலே ஒரு எலும்பு, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக. அதற்குள் நுழைந்தால் மூளையின் அடியில் தீக்குச்சித் தலைபோல வீங்கிய ஒரு முனை, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இழைகள் அதில் பந்து பந்தாகச் சேர்கின்றன. ஒவ்வொரு பந்தும் ஒரு பெரிய நரம்பணுவிடம் சேதியை ஒப்படைக்கிறது. அந்த அணு பிஷப் ஐயாவின் தொப்பி வடிவத்தில் இருக்கும். கண்ணும் காதும் அனுப்புகிற சேதி மூளையின் நடுவே ஒரு சர்க்கார் கச்சேரியில் காத்திருந்து மனுக் கொடுத்துத்தான் மேலே போகும். மணம் அப்படி இல்லை, ஞாபகமும் ஆசையும் கோபமும் குடியிருக்கிற வீட்டுக்குக் கதவைத் தட்டாமல் போய்விடும்.

"சரி, அந்த டிரைவருக்குப் பின்னால அடிபட்டா முன்னால எப்படி அறும்?" என்று சித்தப்பா கேட்டார். நல்ல கேள்வி. "மோர்ப் பானையை டக்கென்று வைத்தால் மோர் ஒரு குலுங்கு குலுங்கும் இல்லையா? மூளையும் அப்படித்தான். சல்லடைக்குள் போகிற இழை அந்தக் குலுங்கலில் அறுந்துவிடும்" என்றேன்.

"அறுந்தா என்ன? ஒட்ட வேண்டியதுதானே. என்ன ஒண்ணு, புதுசா வந்த பய ஒட்டுனா பக்கத்து உருளை நூல்ல கொண்டுபோய்ச் சேத்துருவான். பொறவு நூலு இரட்டையா வந்து எல்லாம் கெட்டுப்போகும்" என்றார். நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். பெட்ரோல் கிடைக்காத காலமானதால் கரி பஸ். முதுகில் ஒரு இரும்பு அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரிப் புகையைத் தின்று ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்காக. ஒரு சின்ன மேட்டில் பெருமூச்சு விட்டு நின்றது. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க, பொம்பளையாளுக மட்டும் உக்காருங்க" என்றார் கண்டக்டர். நானும் இறங்கித் தள்ளினேன். பஸ் ஒரு குதி குதித்துப் புறப்பட்டது, கூரை மேலிருந்த என் பெட்டி கீழே வந்தது.

ஆறு புட்டியும் நொறுங்கியிருந்தன.

பெட்டியை உள்ளே ஏற்றியதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "எவ வீட்டுப் பெருங்காயம்?" என்றது ஒரு குரல். "கோயில்ல கர்ப்பூரம் காட்டுதாப்ல இருக்கே." "கண்ணு எரியுது தாயி, என்னத்தக் கொண்டாந்த?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மெதுவாக, "இதுல கிராம்பெண்ணெய் இருக்கா? மூணு நாளாப் பல்வலி" என்றார். என் அட்டவணைத் தாள் கிராம்பெண்ணெயில் ஊறிக் கிடந்தது. ஒரு மூலையைக் கிழித்துக் கொடுத்தேன். அதைப் பல்லிடுக்கில் வைத்து, ஊர் வரும்வரை என்னை ஆசீர்வதித்துக்கொண்டே வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்த் திருவிழாவுக்கு மூன்றே நாள். மம்சாபுரத்துக்கு நான் போன மாட்டுவண்டிக்கு எதிரே பூக்கூடைகளாக வந்தன. குருசாமியும் பூத்தோட்டக்காரர்தான் என்பது வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் தெரிந்தது. கேஸ் தாளில் தொழில் என்ற இடத்தில் 'டிரைவர்' என்று எழுதி முடித்திருந்தேனே!

அவர் மனைவி செண்பகம் என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குருசாமி தோட்டத்திலிருந்து ஓடிவந்து, பட்டாளத்து வழக்கப்படி விறைத்து நின்று, "டாக்டரம்மா!" என்றார். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்றேன். "ஆல் ரைட், முக்கால் டாக்டரம்மா" என்றார். கடைசி பஸ் போயிருக்கும் என்று சொல்லி இரண்டு பேரும் என்னை அங்கேயே தங்க வைத்தார்கள். சாயங்காலம் அவர் வேப்பமரத்தடியில், அடுப்படிக்கு மேற்கே, கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார். நான் செண்பகத்தோடு அடுப்படியில் உட்கார்ந்தேன்.

அவள் மிளகாய் வத்தல் வறுத்தாள். எனக்கு இருமல் வந்தது. காற்று ஒரு சுற்றுச் சுற்றியது, வெளியே அவருக்கும் வந்தது.

"கேட்டியளா?" என்று கரண்டியைக் கீழே வைத்தாள். "மூக்கு செத்துப்போச்சுன்னு சொல்லுதாவ. செத்த மூக்குக்கு வத்தல் நெடி மட்டும் எப்படித் தெரியும்? என் கொழம்பு வாசம் தெரியலையாம், இருமல் மட்டும் வருதாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "தட்டைப் பாக்காமத் திங்காவ. கிட்டப் போனா மூஞ்சியத் திருப்புதாவ. நான் மேற்கே உக்காந்தா எந்திரிச்சுப் போயிருதாவ. எப்பவும் அவிய மேற்கே, நான் கிழக்கே. பூ வச்சுக்கிட்டு வந்தாப் போதும், தோட்டத்துல வேலை இருக்கும்." குரல் தணிந்தது. "நீங்க அங்கேருந்து வந்தவிய. உள்ளதைச் சொல்லுங்க. சிலோன்ல எவளும் இருக்காளா?"

இது என் பாடத்தில் இருந்த கேள்வி. வத்தல் நெடியை மூளைக்குச் சொல்வது மணத்தின் நரம்பு இல்லை, முகத்துக்கு உணர்ச்சி தருகிற வேறொரு நரம்பு. கண்ணெரிச்சலையும் மூக்கெரிச்சலையும் அதுதான் சுமக்கிறது. அது சல்லடை வழியாகப் போவதில்லை, அதனால் அறுபடவில்லை. வாசம் அறவே தெரியாதவனுக்கும் நெடி தெரியும். என் ஆறாவது புட்டியே அதைச் சோதிக்கத்தான்.

"அப்ப அவிய பொய் சொல்லல?"

"சொல்லவே இல்லை" என்றேன், வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்த மாதிரி.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு முட்டை வந்தது.

நாலாம் நாள் காலையில் சோதனை. புட்டி இல்லாததால் செண்பகத்தின் அடுப்படியிலிருந்தே காப்பித்தூள், பெருங்காயம், நறுக்கிய வெங்காயம் எல்லாம் சிரட்டைகளில் எடுத்துக்கொண்டேன். அவள் கூடையோடு பூப்பறிக்கப் போயிருந்தாள். குருசாமியை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, அவர் துண்டாலேயே கண்ணைக் கட்டி, இடது கையால் நாடியைப் பிடித்துக்கொண்டேன். நாடி பிடிப்பது எனக்கு அப்போது புதுப் பெருமை, எதற்கெடுத்தாலும் பிடிப்பேன்.

காப்பித்தூள். "ஒண்ணும் தெரியல." பெருங்காயம். "தெரியல." வெங்காயம். "தெரியல."

ஒவ்வொரு சிரட்டைக்கும் நாடி குதிரைபோல ஓடியது. தொண்டை ஏறி இறங்கியது. நான் வெறும் தண்ணீரை நீட்டினேன். "தெரியல" என்றார். நாடி அமைதியாக நடந்தது.

"அண்ணே, உங்களுக்கு மணம் தெரிகிறது" என்றேன்.

அவர் துண்டை அவிழ்த்தார். முதலில் அடுப்படிப் பக்கம் பார்த்தார். "அவ இருக்காளா?" தோட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

"ஆறு மாசமா வருதும்மா. ஆனா எல்லாம் தப்புத் தப்பா வருது. காப்பின்னா எரிஞ்ச டயரு. வெங்காயம் வதக்குனா செத்த எலி. அவ ஆக்குற கருவாட்டுக் கொழம்பு…" கையை உதறினார். "இதை அவகிட்ட எப்படிச் சொல்ல? மூக்கு செத்துப்போச்சுன்னா எம்மேலதான் பரிதாபம். நாறுதுன்னு சொன்னா அது அவ மேலல்லா போய் விழும்?"

நேற்று புத்தகத்தின் மேல் கை வைத்தேன் என்றேனே, அந்தக் கை கூசியது.

"சரி அண்ணே. எப்பவும் ஏன் மேற்கே உட்கார்கிறீர்கள்?"

அவர் பூச்செடிகளைக் காட்டினார். "இது கோயிலுக்குப் போற பூ. இதை மோந்து பாக்கக் கூடாது. வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து மூச்சை அடக்கித்தான் பறிக்கேன், கை பூவுக்குப் போனா மூச்சு தன்னால நின்னுரும். மல்லிகை வாசம்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சது கல்யாணத்துக்குப் பொறவுதான். அவ தலையில வச்ச பூதான் நான் நிம்மதியா மோந்த பூ." துண்டை உதறித் தோளில் போட்டார். "எல்லாம் நாறிப்போச்சு. அது ஒண்ணை மட்டும் இன்னும் மோந்து பாக்கல. மோக்காம இருந்தா அது அப்படியே இருக்கும்லா?"

காற்று மேற்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது, மேற்கே உட்கார்ந்தவருக்குக் கிழக்கே இருக்கிறவள் பூ மணக்காது. அவர் ஆறு மாதமாகக் காற்றைப் பார்த்துப் பார்த்து இடம் மாறியிருக்கிறார்.

சித்தப்பா சொன்ன புது ஆள் இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தான். அறுந்த இழை மறுபடி முளைத்துச் சல்லடைக்குள் ஏறியிருக்க வேண்டும், ஏறிய இடத்தில் பக்கத்துப் பந்தோடு சேர்ந்துவிட்டது போலும். காப்பியின் சேதி டயரின் வீட்டுக்குப் போகிறது. இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, என் ஊகம். இங்கிலாந்தில் ஒருவர் முள்ளெலியின் மூளையில் மெல்லிய கம்பி வைத்து, மணம் வரும்போது எழுகிற மின் அலையைப் பதிவு செய்திருக்கிறாராம். முள்ளெலிக்குத் தெரிந்தது என்ன என்று அதனிடம் கேட்க முடியாது. இங்கே கேட்டால் பதில் சொல்கிற மூக்கு என் முன்னால் இருந்தது, எனக்குக் கேள்வி ஓடவில்லை. ஊகத்தை மில் நூலை வைத்து அவரிடம் சொன்னேன்.

"திரும்பச் சரியா ஒட்டுமா?"

"தெரியாது அண்ணே. சிலருக்குச் சரியாகும் என்கிறார்கள். சிலருக்கு ஆகாது." ராஜபாளையம் வந்ததிலிருந்து 'தெரியாது' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"செத்த எலியா?"

செண்பகம் கூடையோடு செடிகளுக்கு நடுவே நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. "அம்புட்டு நாளும் செத்த எலியைத் தின்னுட்டா, 'நல்லாருக்கு செண்பகம், இன்னுங் கொஞ்சம் போடு'ன்னிய?"

அவர் எழுந்தார். பட்டாளத்து விறைப்பு எங்கே போனதோ.

"ஒரு வார்த்தை சொன்னா வெங்காயம் இல்லாம ஆக்கிப் போட மாட்டேனா? ஆறு மாசமா நான் என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா? குளிச்சுக் குளிச்சு மஞ்சளும் தேஞ்சுபோச்சு, நானும் தேஞ்சுபோயிட்டேன்."

கூடையை மரத்தடியில் வைத்தாள். அந்தப் பூவை அவள் தொடவில்லை, அது கோயிலுடையது. வீட்டுக்குள் போய், நேற்றுத் தனக்கென்று கட்டி வைத்திருந்த சரத்தைக் கொண்டையில் செருகிக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கு மேற்கே போய் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மோந்து பாருங்க. நாறுனா நாறட்டும்."

நான் பார்க்க வேண்டியவள். பார்ப்பதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். ஆனாலும் சிரட்டைகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்துவிட்டேன். காற்று வந்தது. அவர் மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது.

"பெட்ரோலு" என்றார்.

"என்னது?"

"பெட்ரோல் வாசம் அடிக்குது ஏட்டி."

வேப்பமரத்தில் ஒரு காக்கை. அவள் திரும்பாமலே, "பெட்ரோல்னா… குமட்டுதா?" என்று கேட்டாள்.

"டிரைவருக்குப் பெட்ரோல் குமட்டுமா? ஊரே பெட்ரோல் கெடைக்காம பஸ்சுக்குக் கரியை அள்ளிப் போடுது. என் வீட்டுல பாரு, தலையில வச்சிருக்கா!"

செண்பகம் துண்டை உருவி அவர் முதுகில் ஓர் அடி போட்டாள். பிறகு அதே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் சிரட்டைகளைத் திரும்ப அடுக்கினேன்.

கிராம்பு மணக்கும் தாளில் காலியாக விட்டிருந்த வரிகளில் ஒன்றில் 'மல்லிகை' என்று எழுதினேன். நோயாளி சொன்னது: பெட்ரோல். மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தவள் எடுத்துவிட்டேன். நல்ல மனதோடு பொய் சொல்வதில் அந்த மனிதர் கைதேர்ந்தவர். இந்த முறை அவர் நாடி என் கையில் இல்லை.

தேர் பார்க்காமல் போகக் கூடாது என்று என்னை இன்னும் இரண்டு நாள் நிறுத்திவைத்தார்கள். கடைசி நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். என்னைப் பஸ் ஏற்றிவிட இரண்டு பேரும் வந்தார்கள். செண்பகம் வெங்காயம் போடாத புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். "இது அவியளுக்குக் குமட்டல. வெறும் காயிதத்தைத் திங்கிற மாதிரி இருக்காம், அது போதும்" என்றாள். கொண்டை நிறையப் புதுச் சரம். கூட்டம் நெருக்கியது, வடம் பிடிக்கிறவர்களின் கூச்சல் காதைப் பிளந்தது.

எனக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடித்தேன். மேற்குக் காற்று, சந்தேகமே இல்லை. குருசாமி அவளுக்கு மேற்கே நின்றுகொண்டிருந்தார், பழைய இடத்தில். விரலைத் துடைத்துக்கொண்டேன்.

தேர் அசைந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள், நான் அவரைப் பார்த்தேன். அவர் இரண்டு ஆட்களை விலக்கி, ஒரு வளையல்காரியின் கூடையைத் தாண்டி, செண்பகத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வந்து நின்றார். அங்கிருந்து தேர் சரியாகத் தெரியாது, முன்னால் ஒரு பந்தல்கால் மறைத்தது. அவர் அங்கேதான் நின்றார்.

கரி பஸ் வழியில் இரண்டு முறை நின்றது. முதல் முறை இறங்கித் தள்ளினேன். இரண்டாம் முறை இறங்காமல், தாளை முழங்கால் மேல் விரித்து மூன்றாவது கட்டத்தை நிரப்பினேன். பேராசிரியருக்குப் புரியாது. கேட்டால் காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மல்லிகை. சொன்னது: பெட்ரோல். கண்டது: சுற்றிப் போய்க் கிழக்கே நின்றார்.